கசார்வாடியில் ஒரே பந்தி

ஞாயிறு காலை 7.10. புனே ஸ்டேஷனில் லோனாவாலா லோக்கலில் ஏறினேன். நான்காவது நிறுத்தம் கசார்வாடி. அங்கிருந்து ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். பட்டறைகள் இருந்த தெருவில் இப்போது இரண்டு ஏழு மாடிக் குடியிருப்புகள். அவற்றுக்கு நடுவில் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் சிறிய கோயில்.

என் தம்பி ஞானராஜ் இச்சபையின் செயலாளர். பாளையங்கோட்டையிலிருந்து நான் வந்தது இன்றைய அசனத்துக்காக. கோயில் பிரதிஷ்டை நாளில் சபையார் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஆட்டுக்கறியும் சோறும் உண்ணும் விருந்து அது. இம்முறை முதன்முதலாக, புதிதாகக் குடிவந்த மராட்டிக் குடும்பங்களையும் தம்பி அழைத்திருந்தான். பதினெட்டு வீடுகள்.

"ஒருத்தரும் வரலன்னா சபையில தல நிமிர முடியாதுண்ணே" என்றான்.

8.40. கறி கொதித்துக்கொண்டிருந்தது. எதிர் மாடியில் வசிக்கும் சுனிதா, உதவி வேண்டுமா என்று கேட்க வந்தவர், அண்டாவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஷ்ராவண் மாசத்துலயா கறி விருந்து, அண்ணா? எங்க ஆளுங்க பாதிப்பேர் இந்த மாசம் கறியே தொட மாட்டாங்களே!" என்றார் இந்தியில்.

தம்பி தலையில் கைவைத்தான். "இருபத்தாறு வருசமா இந்த ஊர்ல இருக்கேன். நம்ம பந்தியில நாம மட்டுமே உக்காந்தா இது எங்க தெரியும்?"

சமையல் செல்லையா அண்ணாச்சி வழி சொன்னார்: "ஒரு ஓரமா அவங்களுக்குத் தனிப் பந்தி போட்ருவோம்."

"ஓரமா உக்கார வைக்கவா மாடி மாடியா ஏறுனேன்? எல்லாருக்கும் சாம்பார்தான்."

"கறி இல்லாத அசனமால? அதுக்கு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கிடலாமே!"

ஆராதனை முடிவில் தம்பி இதை அறிவித்தான். ஆண்கள் பக்கம் முனகல் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள், "கறிய தூக்குச்சட்டியில வாங்கிட்டுப் போறோம். அது எங்கயும் ஓடிராது" என்றார். முனகல் சிரிப்பாகிக் கரைந்தது.

சுனிதா தம் வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டுவந்தார். அவர் சொற்படி வெங்காயம், பூண்டு இல்லாமல் புது அடுப்பில் சாம்பார் கொதித்தது. செல்லையா அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே புளி கரைத்தார்.

1.05. தம்பி வாசலிலேயே நின்றான். முதலில் வந்தது ஒரே குடும்பம். அடுத்த கால் மணி நேரத்தில் பதினைந்து வீட்டார் வந்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் ஆட்களின் இடையிடையே, ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். என் பக்கத்திலிருந்த மராட்டிப் பெரியவர் மூன்றாம் முறை சாம்பார் கேட்டார். அண்ணாச்சி வாளியோடு ஓடிவந்தார்.

"என் சாம்பார்னா சும்மாவா? ஊத்திக்கிடுங்க!"

3.50. திரும்பும் லோக்கல். தம்பி என்று சொல்லிக்கொள்ள இவ்வளவு பெருமையாக எனக்கு என்றும் இருந்ததில்லை. எங்கள் ஊர் அசனத்துக்கு நான்கு மாவட்டங்களிலிருந்து ஆள் வருகிறது. கோயில் மதிலை ஒட்டிய வீட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் பெயர் என்ன? புனே ஸ்டேஷன் வரும்வரை யோசித்தேன். நாங்கள் கேட்கவே இல்லை.