மிதக்காத சட்டை

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்குள் வரும் ஆங்கிலம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். மாத்திரை அட்டை, வங்கிக் கடிதம், மிக்ஸியோடு வந்த காகிதம், எதுவானாலும் நான் சொல்வதுதான் அர்த்தம். அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது. தெரியாத சொல் வந்தாலும் தயங்காமல் ஏதாவது சொல்லிவிடுவேன்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கண்டெய்னர்களின் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஏற்றி என் எடையும் ஏறிவிட்டது. காலையில் கடற்கரைச் சாலையில் ஓட ஆரம்பித்தேன். சும்மா ஓடினால் போதாது, எடை வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினால் உடம்பு உறுதியாகும் என்று செல்போனில் பார்த்து ஒன்று வரவழைத்தேன். ஐந்து கிலோ. உள்ளே இரும்பு மணல். வெளியே ஆரஞ்சுத் துணியும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகளும்.

பார்சலைப் பிரிக்கும்போது அம்மா பக்கத்தில் நின்றாள். முப்பது வருஷமாகத் தலையில் மீன் கூடை சுமப்பவள். காசு கொடுத்துச் சுமை வாங்கியிருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்னளா இது?"

"உடம்பைப் பாதுகாக்கிற சட்டைம்மா."

"இந்தக் கனம் கனக்கு?"

"நல்ல சாமான்னா கனமாத்தான் இருக்கும்."

படித்தவள் சொன்னால் சரி. அம்மாவே அதைச் சுவர் ஆணியில் மாட்டிவைத்தாள்.

நாலாம் நாள் காலை ஆணியில் சட்டையைக் காணோம்.

"அப்பாட்ட குடுத்து விட்டுட்டேன்" என்றாள் அம்மா. "படகுல லைஃப் ஜாக்கெட்டு இருக்கான்னு அதிகாரிமாரு பாக்காகளாம். இங்கன ஒண்ணு சும்மாதான தொங்குது? ஆபத்துன்னா மாட்டிக்கிட்டுக் குதிங்க, ஒங்க மக வாங்குனதுன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

அப்பா சங்கு குளிப்பவர். இடுப்பில் ஈயக்கட்டியைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கெடுத்து வருபவர். கொஞ்ச நாளாக மேலே வந்ததும் மூச்சு வாங்குகிறது. லைஃப் ஜாக்கெட்டை வேறு யார் சொன்னாலும் மாட்டமாட்டார். நான் வாங்கியது என்றால் கேள்வி கேட்காமல் மாட்டிக்கொள்வார்.

"அம்மா, அது மிதக்காது. முங்கும்."

"நீதான பாதுகாக்கும்னு சொன்ன?"

"அது கரையில."

"கரையில எதுக்குளா பாதுகாப்பு?"

அப்பாவின் செல்போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கரைக்கு ஓடினேன். சட்டை இல்லாமலேயே நெஞ்சு கனத்தது. அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் ஜெபமாலையை உருட்டினாள். நான் அந்த நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்தினேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மத்தியானம் தாண்டிப் படகு வந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார் அப்பா. தோளில் சட்டை, சொட்டச் சொட்ட.

"ஏளா, இத எவன் ஒன் தலையில கட்டுனான்?"

"மாட்டிக்கிட்டுக் குதிச்சீங்களாப்பா?"

"கையில தூக்குனப்பவே சந்தேகந்தான். கயித்தைக் கட்டி எறிஞ்சு பாத்தேன். என் ஈயத்தைவிட வெரசாப் போவுது! சரின்னு நங்கூரத்துக்குத் துணையாப் போட்டுட்டோம். படகு அசையணுமே!"

இனி மறைக்க முடியாது. "ஓடுறதுக்கு வாங்குனதுப்பா. கனத்தோட ஓடினா உடம்புக்கு நல்லது."

"கனத்தோடயா? ஒன்ன யாரு வெரட்டுதா?"

அம்மா ஜெபமாலையை மடியில் செருகினாள். "அப்ப நான் முப்பது வருசமா எக்சர்சைஸா பண்ணுதேன்?"

அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். நான் அவர் தோளிலிருந்த சட்டையை இறக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே நிஜமான லைஃப் ஜாக்கெட் ஒன்று வாங்கிவந்தேன். அதில் அச்சடித்திருந்ததை ஒரு சொல் விடாமல், தெரியாத சொற்களுக்கு அகராதியும் பார்த்து, கரையில் வைத்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எத்தனை கிலோ ஆளைத் தாங்கும், எந்தப் பட்டையை எப்படி இழுக்க வேண்டும், எல்லாம். அவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார்.

"நல்லாப் படிச்ச" என்றார்.

பிறகு அதைக் கையில் வாங்கி, ஒரு கயிற்றைக் கட்டி, கடலில் எறிந்து பார்த்தார்.