தன் பக்கத்தை மட்டும் திறக்காதவர்

காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறியதுமே பேக்கிங் செக்‌ஷன் ஸ்டெல்லா அக்கா, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உன் பொறந்த நாளுக்கு நெட்ல உன் பக்கத்துல வாழ்த்து எழுதினேனே, எனக்கு மட்டும் ஏன்டி பதில் போடல? மேரி பக்கத்துல பாத்தேன், சலீம் பக்கத்துல பாத்தேன், எல்லாருக்கும் நன்றி எழுதியிருக்க. நான் இன்னா பாவம் பண்ணேன்?”

வாழ்த்தியவர் பக்கத்திலேயே போய் நன்றி எழுதுவதுதானே இந்த இணையதளத்தில் வழக்கம்? அவருக்கும் அன்றைக்கே எழுதிவிட்டேன்.

“உங்க பக்கத்தைப் பாத்தீங்களாக்கா?”

“அத எதுக்குப் பாக்கணும்? அங்க இருக்கிறதெல்லாம் எனக்குத் தெரியுமே!”

பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைத்தான் திமிர் பிடித்தவளைப் போலப் பார்த்தார்கள்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஊரார் பக்கத்தையெல்லாம் படித்தவருக்குத் தன் பக்கத்தைத் திறக்க மட்டும் நேரமில்லை!

இந்தப் பதிவுக்குப் பதில் எழுதுகிறவர்களே, என் பதில் உங்கள் பக்கத்தில்தான் வரும். பஸ்ஸில் ஏறி என்னைத் திட்டுவதற்கு முன் அங்கேயும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.