முன்சக்கரத்துக்கு வைத்த மாவு

எங்கள் சித்தப்பா பெங்களூரிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்த அன்று, பாரூர் ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட மாட்டை அப்படியே விட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் கார் என்றால் யாரோ அதிகாரி வருகிறார் என்று பொருள். சித்தப்பா வாங்கியது பல கை மாறிய பழைய வண்டிதான். ஆனால் எனக்கு எட்டு வயது. அதைவிட அழகான பொருள் உலகத்தில் கிடையாது என்று நம்பினேன். பெரியப்பாவின் கரும்புத் தோட்டத்தில் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது போதும், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது சித்தப்பாவின் கனவு.

கொஞ்ச நாளிலேயே அந்தக் கனவு ‘டொக்’ என்றது. முன்பக்கம் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே எங்கிருந்தோ அந்தச் சத்தம் வரும். ஏறி உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வாடகைக்குப் பேசியவர்கள் பஸ்ஸே தேவலை என்று இறங்கிப் போனார்கள். கிருஷ்ணகிரி மேஸ்திரி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்து, மூட்டுகளில் தேய்ந்துபோன புஷ்களை மாற்றியும் கொடுத்தார். தூக்கி வைத்தால் வண்டி பரம சாது. தரையில் இறக்கி ஓட்டினால் மறுபடியும் ‘டொக்’.

பெரியப்பா காரையும் மாட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். சித்தப்பாவை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதன் நடையைக் கவனித்தார்.

“டேய், இதுக்கு முன்னங்காலு நொண்டுது. குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தை வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா எவன் தலையிலயாவது கட்டிட்டு, கரும்பு வெட்ட வந்து சேரு.”

பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். சித்தப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

சித்திக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஆனேக்கல் பக்கத்துப் பெண். கன்னடம் கலந்த அவள் தமிழைக் கேட்டு நாங்கள் கேலி செய்வோம். கொஞ்சம் என்று சொல்ல மாட்டாள், ‘ஸ்வல்ப’ என்பாள். பெரியப்பா எதிரில் வாயே திறக்கக் கூடாது, அது வீட்டு வழக்கம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் என்னிடம் சொல்வாள். நான் அதை அவருக்கு எடுத்துச் சொல்வேன். அவர் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். மூன்று பேரும் ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்போம்.

கோயிலுக்குப் போய்வந்த ஒரு நாள் சித்தி காரின் முன்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் அந்தச் சத்தத்தையே கவனித்துக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும் சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, பள்ளத்துல உழும்போது அவ்வளவா சத்தம் இல்ல. பிரேக் போட்டா ஒரு தபா டொக்குங்குது. பின்னால எடுத்து பிரேக் போட்டா திரும்ப ஒரு தபா. என்னமோ முன்னால நவுந்து, பின்னால வருது.”

“எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? தூக்கிப் பார்த்தா எல்லாம் இறுக்கமா இருக்குதே,” என்றார் சித்தப்பா.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றாள் சித்தி. பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலையில் வாசலில் மாக்கோலம் போட்டுவிட்டு, அரைத்த மாவுக் கிண்ணத்தோடு சித்தி காரிடம் போனாள். மண்ணெண்ணெய்த் துணியால் முன்சக்கரங்களின் உள்பக்கத்து இரும்பையெல்லாம் பளிச்சென்று துடைத்தாள். பிறகு கீழே படுத்து, அசையாமல் இறுகிக் கிடக்க வேண்டிய ஒரு இரும்பும் இன்னொரு இரும்பும் சேரும் இடத்திலெல்லாம் விரலால் மாவைத் தடவினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. முதலில் வைத்த மாவு அதற்குள் காய்ந்து வெள்ளைக் கோடுகளாக நின்றது.

வெள்ளிக்கிழமை, கோலம், மாவு. எனக்கு வேறென்ன தோன்றும்? ஓடிப்போய்க் குங்குமச் சிமிழும் செம்பருத்தியும் கொண்டுவந்தேன். இரண்டு சக்கரங்களுக்கும் பொட்டு வைத்து, பூவைச் செருகிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா வந்துவிட்டார். காருக்கு அடியிலிருந்து வீட்டு மருமகளின் கால்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் மீசை துடித்தது.

“சித்தி பூச பண்றாங்க பெரியப்பா,” என்றேன் நான்.

திட்ட வந்த பெரியப்பா செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டி, பம்பரை நோக்கிக் கும்பிட்டார். பூசை போட்ட வண்டியில் முதலில் பெரியவர்தான் ஏற வேண்டும் என்று அவராகவே முன்சீட்டில் உட்கார்ந்தார்.

சித்தப்பாவுக்குச் சித்தி ஏற்கெனவே சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. ஏரிக்கரை வரை போய்த் திரும்புவதற்குள் அவர் போட்ட பிரேக்குகளில் பெரியப்பாவின் நெற்றி கண்ணாடியில் முட்டாத குறை. “மூக்கணாங்கயித்த சுண்டற மாதிரி சுண்டாதடா!” என்று அவர் கத்தியது வாசல் வரை கேட்டது.

வண்டி நின்றதும் சித்தப்பா குனிந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வலது பக்கம் மாவு வைத்தது வைத்தபடி இருந்தது. இடது பக்கத்தில் ஸ்பிரிங் பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டும் யு போல்ட் இருக்கிறதே, அந்த இடத்தில் மட்டும் மாவு வெடித்து உதிர்ந்திருந்தது. அச்சு பிடி தளர்ந்து, பிரேக் போடும்போதெல்லாம் நகர்ந்திருக்கிறது. சித்தப்பா ஸ்பேனரை வைத்துத் திருக, நட்டு சுற்றிக்கொண்டே போனது. இறுக்கி முடித்து ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. வண்டியைவிட்டு இறங்கியபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

“பாத்தியாடா, சாமியே எடத்தக் காட்டிக் குடுத்துடுச்சு,” என்றார் பெரியப்பா. பிறகு என்னைப் பார்த்து, “உங்க சித்திகிட்டச் சொல்லு. வெள்ளிக்கிழமை தவறாம இந்தப் பூச நடக்கணும்.”

கதவோரம் நின்ற சித்தி தலையை ஆட்டினாள். என்ன மனுஷி அவள்! நானாக இருந்தால் ஊரைக் கூட்டி, கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லியிருப்பேன். அவளோ சாமிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு மாவுக் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

கார் சந்தைக்குப் போகவில்லை. சித்தப்பா தினமும் சூளகிரியின் செங்குத்தான ஏற்ற இறக்கத்தைத் தாண்டி ஓசூருக்கு ஓட்டினார். சித்தி வாரம் தவறாமல் சக்கரத்துக்கு மாவு வைத்தாள். அவர் ஒரு சுற்று ஓட்டி வந்ததும் குனிந்து ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் பார்ப்பாள். என் பங்குக்கு நான் பொட்டு வைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு அனலாகக் காய்ச்சல். அப்படியும் சுவரைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தோடு வந்தாள்.

“ஒரு வாரம் பூச பண்ணலன்னா சாமி கோவிச்சுக்குமா சித்தி?”

“சாமி எதுக்குக் கண்ணு கோவிச்சுக்கப் போவுது? சூளகிரி எறக்கம்தான் கோவிச்சுக்கும்,” என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போனாள்.

சூளகிரி இறக்கத்தில் ரொம்பக் கோபக்காரச் சாமி ஒன்று இருக்கிறது என்று அன்றைக்கு நான் தெரிந்துகொண்டேன். அது இருக்கும் திசை தெரியாததால், நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.