ஈரத்தில் பதிந்த கட்டைவிரல்

தொழிற்சாலையில் அவரைக் 'கைநாட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் அல்ல. பெயின்ட் பூசிய இரும்பு காய்ந்ததா என்று, கண்ணில் படாத கீழ்மூலையில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பார். அதனால் வந்த பெயர்.

பெயின்டை இளக்கக் கலக்கும் தின்னரின் வாடை தலையைச் சுற்றவைத்த காலத்திலிருந்து அங்கே பெயின்டர். தண்ணீரில் கலக்கும் பெயின்ட் வந்தபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் அதில் ஒவ்வொரு வகையின் குணத்தையும் தெரிந்துகொண்டார். உள்ளே வைக்கும் அலமாரிக்கு அக்ரிலிக், சீக்கிரம் காயும். உரசல் அதிகமுள்ள மெஷின் மூடிக்குப் பாலியூரிதேன். துரு ஏறவே கூடாத இடத்துக்கு, இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் எபாக்சி.

"தின்னர் ஓடிப்போயிடும். தண்ணி அப்படியில்ல. வெளிய மழை பேஞ்சா உள்ளயே சம்மணம் போட்டு உக்காந்துக்கும்" என்பார்.

தங்கையின் கணவரை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். அந்த மாப்பிள்ளை சூப்பர்வைசர் ஆனார்.

அன்று விடாத மழை. தெருவோரம் நிற்கப்போகும் மின்பெட்டிகள் நாற்பது. எபாக்சி முதல் பூச்சு முடிந்திருந்தது. ஒரு கதவின் மூலையில் அழுத்தினார். ரேகை அப்படியே பதிந்தது.

"மாப்ள, பிசுபிசுங்குது. இதுமேல அடுத்த கோட் அடிச்சா தண்ணி உள்ள மாட்டிக்கும், கொப்புளம் கொப்புளமா கெளம்பும். நாளைக்கு அடிப்போம்."

"நீங்க சொன்னா சரி, மச்சான்." மாப்பிள்ளை அந்த ரேகையைப் போனில் படம் பிடித்தார். "மேனேஜர்கிட்ட காட்டி ஒரு நாள் வாங்கிடறேன். நீங்க கிளம்புங்க."

நம்பிக் கிளம்பினார். அடுத்த ஷிப்டிலேயே இரண்டாவது பூச்சு ஏறியது. லாரியும் போனது.

மூன்று வாரத்தில் நாற்பதும் அம்மை போட்ட முகத்தோடு திரும்பி வந்தன. மேனேஜர் மேசைமேல் அந்தப் படம்.

"பாத்துட்டு சரின்னு சொன்னீங்களாமே? உங்க விரல்தானே?"

"விரல் என்னோடதுதான், சார். ஈரம்னு காட்டத்தான் வெச்சேன். மாப்ள, சொல்லுங்க."

மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். "சரின்னுட்டுத்தான் போனார், சார்."

இருபத்திரண்டு வருட வேலை அந்த ஒரு வரியில் போனது.

கேட்டில் மாப்பிள்ளை ஓடிவந்து பிடித்தார். "மச்சான், எனக்கும் குடும்பம் இருக்கில்ல. கோவமா?"

அவர் கட்டைவிரலை மாப்பிள்ளையின் சட்டைமேல் அழுத்தி, எடுத்துப் பார்த்தார்.

"காஞ்சிருச்சு, மாப்ள. இனி ஒட்டாது."

தங்கை கூப்பிட்டால் இப்போதும் போனை எடுக்கிறார். பின்னால் அந்தக் குரல் கேட்டால் மட்டும், "சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிடுகிறார்.