முத்திரை உடையாத பெட்டி

தினமும் வாசித்த கிட்டாரும், எட்டு வருஷம் பெட்டியை விட்டு வெளியே வராத கிட்டாரும் ஒரே மாதிரி ஒலித்தால், அந்த எட்டு வருஷ வாசிப்பு எங்கே போனது? பாட்டு டீச்சர் வீட்டுக் கூடத்தில், தொங்கவிட்ட போர்வைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஐந்து பேரைப் பார்த்து அந்த இரண்டு கிட்டாருக்கும் சொந்தக்காரர் கேட்ட கேள்வி இது. ஐந்து பேரில், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நானும் ஒருவன்.  நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டோம்.

அவருக்கு வேலை எடை அளவு அலுவலகத்தில். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் கம்பி கோத்து ஈய முத்திரை அழுத்திவிட்டு வருவார். அலுவலகத்தில் அவருக்கு மில்லிகிராம் என்று பெயர். டீக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியை விரலால் வழித்து மட்டம் பார்ப்பார் என்று பியூன் ஒரு கதை கட்டிவிட்டிருந்தார். அதை அவர் மறுத்ததும் இல்லை, டீயை அந்த மாதிரி போடுவதை நிறுத்தியதும் இல்லை.

அந்த அலுவலகத்தில் இரண்டு ஜோடி பித்தளை எடைகள் உண்டு. ஒரு ஜோடி தினமும் பையில் ஏறி ஊர் சுற்றும். இன்னொரு ஜோடி வெல்வெட் பெட்டியில் படுத்திருக்கும், விரல் படக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை இதையும் அதையும் ஒப்பிடுவார்கள். புழங்குகிற எடை எவ்வளவு தேய்ந்தது என்று புழங்காத எடைதான் சொல்லும். இருபது வருஷம் இதையே செய்த மனிதருக்கு, வேறு எந்தச் சந்தேகம் வந்தாலும் இதே வழிதான் தோன்றும்.

சந்தேகம் கிட்டாரில் வந்தது. அவர் மனைவியின் அண்ணன் கிட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். வாசிக்க வாசிக்க மரம் இளகி, சத்தம் திறந்துகொள்ளும் என்று மச்சான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வாசிப்பவரின் காதுதான் பழகிப்போகிறது, மரம் அப்படியேதான் இருக்கிறது என்று இன்னொரு கட்சி. நம் ஆளுக்கு எந்தக் கட்சியும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரே பட்டறையில் ஒரே மரத்தில் அடுத்தடுத்து செய்த இரண்டு கிட்டார்களை வாங்கினார். ஒன்றைத் தினமும் முக்கால் மணி நேரம் வாசிப்பது, இன்னொன்றைத் தொடாமல் வைப்பது, எட்டு வருஷம் கழித்து ஒப்பிடுவது என்று முடிவு செய்தார்.

வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது, ஒரு நாள் எடுத்துத் தட்டிப் பார்த்துவிடுவேன் என்று தன் மேலேயே அவருக்குப் பயம். அதனால் இரண்டாவது கிட்டாரை மச்சான் கடை அலமாரியில் வைத்தார். தந்திகளைத் தளர்த்தி, கெட்டியான பெட்டியில் படுக்கவைத்து, தாழ்ப்பாளின் துளையில் கம்பி கோத்து, ஈய முத்திரை அழுத்தினார். வீட்டிலும் கடையிலும் காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானி தொங்கியது, இரண்டும் ஒரே அளவு காட்டும்படி பார்த்துக்கொண்டார். வருஷா வருஷம் வாங்கிய தேதியில் பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போவார். முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மச்சான் ஸ்டூல் எடுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்தும் போடுவார்.

சனி, ஞாயிறு மதியங்களில் அவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் வாசித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு மைக் இருக்கும். அது கிட்டாரைவிடத் தட்டுச் சத்தத்தையும் மின்விசிறியையும் நன்றாகப் பிடித்தது. நான்காவது வருஷம் முதலாளி நல்லபடியாகவே சொல்லிப்பார்த்தார். தந்தியின் அதிர்வை நேரே ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பைக் கிட்டாருக்குள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன, எல்லாரும் அதைத்தானே வைத்திருக்கிறார்கள் என்றார். பாலத்தின் மேல் தந்திகள் உட்காரும் எலும்புத் துண்டுக்கு அடியில் ஒரு பட்டை, உள்ளே பேட்டரி, தோள்வார் மாட்டும் கீழ்க் குமிழில் வயர் செருக ஒரு ஓட்டை, அரை நாள் வேலை.

"ஒரு ஓட்டைதானே சார்?"

"ஓட்டை போட்டா இது வேற கிட்டார். அப்புறம் நான் எதை எதோட ஒப்பிடுறது?"

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த மாதம் அவர் வாசித்த நாற்காலியில் கிட்டாரோடு ஒரு பையன் உட்கார்ந்தான். அந்த நாற்காலிதான் வாரம் முழுக்க அவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை மதியம் வந்தால் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அங்கேயே சாப்பிடப் போனார். பையன் வைத்திருந்ததும் அதே மாடல். பொறாமைப்பட வேண்டிய இடத்தில் மனிதர் பூரித்துப்போனார். "இங்க பாரேன், சத்தம் நம்ம கிட்டார் மாதிரியே இல்ல? பிக்கப் வச்சும் ஒண்ணும் குறையல பாரு" என்றார். மனைவி தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. ஆறிப்போகுது, சாப்பிடுங்க என்றார். மறுநாள் அவர் இதைக் கடைக்குப் போய் மச்சானிடமும் மெனக்கெட்டுச் சொன்னார். மச்சான் காய்ச்சிய பசையைக் கிளறிக்கொண்டே, அப்படியா என்று கேட்டுக்கொண்டார்.

எட்டு வருஷம் முடிந்தது. பாட்டு டீச்சர் வீட்டில் ஐந்து பேர் கண் முன்னால் முத்திரையைக் காட்டினார். கம்பி அசையவில்லை, ஈயத்தில் எழுத்து தேயவில்லை. தானே கத்தரித்தார். இரண்டு கிட்டாருக்கும் ஒரே நாளில் வாங்கிய தந்தி மாட்டி, டீச்சர் போர்வைக்குப் பின்னால் மாற்றி மாற்றி வாசித்தார். நாங்கள் துண்டுச்சீட்டில் எழுதினோம். பூவா தலையா போட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். அவரே தன் கிட்டாரைப் பெட்டிக் கிட்டார் என்று எழுதியிருந்தார். முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் நேர்மையாக, வித்தியாசம் இல்லை என்று தாளில் எழுதித் தேதி போட்டார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நாங்கள் தெரு முனை தாண்டுவதற்குள் டீச்சர் அதைத் தன் வாட்ஸ்அப் இசைக் குழுவில் போட்டுவிட்டார்: வாசித்தால் கிட்டார் மாறும் என்பதெல்லாம் கட்டுக்கதை, எட்டு வருஷச் சோதனையில் நிரூபணம். அது கை மாறிக் கை மாறிப் போனது.

அவர் மட்டும் கூடத்தில் தங்கி, பெட்டிக் கிட்டாரின் தந்திகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வெயில் கிட்டாரின் கழுத்தில் சாய்வாக விழுந்தது. கழுத்துக்குக் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் முதலாவதிலும் மூன்றாவதிலும், இரண்டாம் தந்திக்கு நேர் கீழே, உலோகத்தில் பள்ளம். வீட்டுக் கிட்டாரை எடுத்துப் பார்த்தார். அதே பள்ளம், கொஞ்சம் ஆழம் கம்மி. தந்தி தேய்க்காமல் ஃப்ரெட் தேயாது. கடைகளில் தராசின் அடியில் பார்க்க வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டார். பேட்டரிப் பை திருகியிருந்த இரண்டு துளைகள். வயர் ஒட்டியிருந்த பசைத் தடம். கீழ்க் குமிழைச் சுற்றி, மரத்துண்டு வைத்து அடைத்துச் சாயம் பூசிய வட்டம்.

முத்திரை முழுசாக இருந்ததே? பெட்டியைத் திருப்பிப் போட்டார். பின்பக்கக் கீல்கள் பச்சை பிடித்துக் கிடந்தன. கீல் ஆணிகள் இரண்டும் பளபளவென்று இருந்தன, தலையில் குறடு கடித்த தடம். ஆணியை உருவினால் மூடி பின்பக்கமாகத் திறந்துகொள்ளும், தாழ்ப்பாளைத் தொடவே வேண்டாம். எட்டு வருஷமும் அவர் முத்திரையைப் பார்த்தார். கீலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முத்திரை போடுகிறவர் முத்திரையை நம்புவார் என்று மச்சானுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். சத்தம் போடவில்லை. ஆணியை உருவி மேஜை மேல் வைத்தார். மச்சான் அதைப் பார்த்தார், அப்புறம் ஸ்டூலைப் பார்த்தார், உட்காரச் சொல்லலாமா வேண்டாமா என்று. மூன்றாவது வருஷமே வெளியே எடுத்ததாக ஒத்துக்கொண்டார். நல்ல மரம் சும்மா கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லையாம். அப்புறம் அந்தப் பையன் வாடகைக்குக் கேட்டான், சாப்பாட்டுக் கடையில் வாசிக்கப் பிக்கப்போடு வேண்டும் என்றான். வருஷம் ஒரு நாள் மட்டும் கிட்டாரைப் பெட்டியில் போட்டு, கீல் ஆணியடித்து, அலமாரியில் வைத்துவிடுவார்; எட்டாவது வருஷம் பிக்கப்பைக் கழற்றி ஓட்டையையும் அடைத்துவிட்டாராம்.

"என் நாற்காலியில என் கிட்டாரையே உக்கார வச்சிருக்கீங்க" என்றார் அவர்.

"பெரிசா என்ன கெட்டுப்போச்சு மாப்ளே? ஓட்டை போட்டேன், பிக்கப் வச்சேன், எடுத்தேன். இன்னைக்கு நீங்களே கேட்டீங்க. வித்தியாசம் தெரிஞ்சுதா?"

அந்த ஒரு வார்த்தைதான் அவரைப் புரட்டிப் போட்டது. தன் சோதனையையே தனக்கு எதிராகச் சாட்சி கூப்பிடுகிறாரே.

"எதை எதோட ஒப்பிட்டேன்னே எனக்குத் தெரியாதே மச்சான். வாசிச்சது ஏத்திவிட்டதை ஓட்டை இறக்கிவிட்டுச்சா, இல்ல ரெண்டும் ஒண்ணும் செய்யலையா? இனிமே யாரு சொல்லுவா?"

மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் வெளியே போனால் நாளைக்கு யாரும் தன்னை நம்பிக் கிட்டாரை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள், டீச்சர் போட்டது போட்டபடியே இருக்கட்டும் என்று மட்டும் கெஞ்சினார்.

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்துவிட்டார். அவர் மேஜையில் பெட்டியை வைத்து, இதை எடுத்து வாசித்திருக்கிறார்கள் என்றார். யார் எடுத்தது, ஏன் என்று மனைவி கேட்கவே இல்லை. அதில்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது.

"உனக்கும் தெரியுமா?"

"அண்ணன் அந்த வருஷமே சொல்லிடுச்சு. நான் திட்டினேன். ஆனா நீங்க அந்தப் பெட்டி மேல அவ்வளவு நம்பிக்கையா இருந்தீங்க, எப்படிங்க சொல்றது?"

"பெட்டி மேல நம்பிக்கை இருந்தா நான் எதுக்கு முத்திரை போடுறேன். அதை உங்க ரெண்டு பேருகிட்ட விட்டுட்டுப் போனேன் பாரு, அதுதான் நம்பிக்கை."

சாப்பாட்டுக் கடையில் குனிந்த தலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. மனைவிதான் அழுதார். அண்ணனைச் சந்தி சிரிக்க வைக்காதீர்கள், உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததோடு போகட்டும் என்றார்.

அவர் இரண்டு நாள் அலுவலகம் போனார், வந்தார். கிட்டாரைத் தொடவில்லை. எட்டு வருஷத்தில் அந்த முக்கால் மணி நேரம் வெறுமையாகப் போனது அதுதான் முதல் தடவை. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இன்னொரு ஜோடி வாங்கி இன்னொரு எட்டு வருஷம் தொடங்கலாம், ஆனால் யாரிடம் வைப்பது? இரண்டாவது நாள் மேலதிகாரி வந்து, உங்கள் சோதனை பற்றிய செய்தியை என் மகன் காட்டினான், இனி வாசித்து என்ன பயன், கிட்டாரை விற்றுவிடப் போகிறேன் என்கிறான் என்று சிரித்தார். அதைக் கேட்டபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. பொய்த் தராசில் தன் முத்திரை தொங்கிக்கொண்டிருக்கிறது, ஊரெல்லாம் அதில் நிறுக்கிறது.

மூன்றாம் நாள் மாலை ஐந்து பேர் வீட்டுக்கும் நடந்தே போனார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். சோதனையன்று எழுதிய துண்டுச்சீட்டைத் திருப்பிக் கேட்டார். சோதனை செல்லாது, என் மச்சான் கீலைக் கழற்றினார், என் மனைவிக்குத் தெரியும், நான் கவனிக்கவில்லை என்று வரிசையாகச் சொன்னார். யாரையும் திட்டவில்லை, யாரையும் தப்பவிடவும் இல்லை. டீச்சர் குழுவில் திருத்தம் போட்டார். முதல் செய்தியைப் படித்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட அதைப் படிக்கவில்லை.

மச்சான் இப்போது அவர் வீட்டுக்கு வருவதில்லை. மனைவி அண்ணனைப் பார்க்கத் தனியாகப் போய் வருகிறார், போகும்போது சொல்லிவிட்டுத்தான் போகிறார். அவரும் சரி என்கிறார். பேச்சு அதற்கு மேல் நீளுவதில்லை.

நானும் அந்தப் பொய்யைப் பள்ளியில் குறைந்தது பத்துப் பேரிடம் அளந்துவிட்டேன். அவர்களில் பாதிப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. அதனால் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரோ எட்டு வருஷம் சோதித்துப் பார்த்தார், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் கிட்டார் ஒன்றுதான் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தச் சோதனை செல்லாது, விடை இன்னும் யாருக்கும் தெரியாது, அவரே வீடு வீடாகப் போய் அதைச் சொன்னார் என்று சொல்லுங்கள். அவர்களையும் அடுத்தவரிடம் சொல்லச் சொல்லுங்கள். பொய் போன தூரம் இதுவும் போக வேண்டும்.