வெர்னாவின் சட்டைக் கை

பேசிக்கொண்டேதான் வருவாள் வெர்னா. தபால் வண்டியை நிறுத்தி இறங்கியதுமே ஆரம்பித்துவிடுவாள், மனிதர்களிடம் அல்ல. "நான்தாண்டா கண்ணு. மெதுவாத்தான் வர்றேன்." மிரண்டால் வாலடியிலிருந்து நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும் கறுப்பு வெள்ளைப் பிராணியான ஸ்கங்க்குக்குப் பத்தடிக்கு அப்பால் கண் சரியாகத் தெரியாதாம், குரல் கேட்டுக்கொண்டிருந்தால் திடுக்கிடாதாம்.

முப்பது வருடமாக எங்கள் விஸ்கான்சின் ஊரில் ஸ்கங்க் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பொறி, நீளக் கழி, தோல் கையுறை எல்லாம் என்னிடம் உண்டு. ஏழு முறை நாற்றம் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாற்றம் போகத் தக்காளிச் சாற்றில் குளித்து, நாறும் தக்காளியாக வெளியே வந்திருக்கிறேன். இப்போதெல்லாம் தபால்காரி வெர்னாவையும் கூப்பிடுகிறார்கள்; அவள் ஒருமுறைகூட வாங்கியதில்லை. எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன். என் வீட்டு நாயே அவள் வண்டிச் சத்தத்துக்குத்தான் வாலாட்டுகிறது.

அவளிடம் இருப்பது ஒரு பழைய போர்வையும் வாயில் பெப்பர்மின்ட்டும்தான். வேலை முடிந்ததும் சட்டைக் கையை வீட்டுக்காரர் மூக்கருகே நீட்டி, "மோந்து பாருங்க" என்பாள். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கராஜுக்குள் ஒரு ஸ்கங்க், தயிர் டப்பாவில் தலை மாட்டிக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. நான் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி டோரின் வெர்னாவுக்குப் போன் போட்டாள்.

"நீங்க போனா மறுபடி ஒரு மாசம் சோபாலதான் படுக்கணும்" என்று காரணமும் சொன்னாள்.

வெர்னா போர்வையை முன்னால் விரித்துப் பிடித்தபடி போய், அதன் உடம்பில் மெல்லப் போட்டு, டப்பாவை உருவினாள். தலை விடுபட்டு அது திரும்பிய பக்கம், வேடிக்கை பார்க்க வந்திருந்த நான் நின்றேன். முன்னங்காலால் தரையைத் தட்டியது. வால் எழுந்தது.

"அது சொல்லிட்டுத்தான் அடிக்கும், ஆர்வில். ஓடாதீங்க, கத்தாதீங்க. ஒவ்வொரு அடியா பின்னால போங்க. அதுக்கு வழிய விடுங்க" என்று என்னிடம் சொன்னாள் வெர்னா.

ஏழு முறையும் இந்தத் தட்டலைப் பார்த்திருக்கிறேன். ஏழு முறையும் கழியைத்தான் தூக்கினேன். இந்த முறை பின்வாங்கினேன். வால் இறங்கியது. ஸ்கங்க் கதவைத் தாண்டி, சோள வயலைப் பார்த்து நடந்துபோயிற்று.

டோரின் ஓடிவந்து வெர்னாவின் சட்டைக் கைக்கு மூக்கைக் கொண்டுபோனாள். கொஞ்சமாவது நாற வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வெர்னா கையை இழுத்துக்கொண்டாள். என் சட்டைக் கையைப் பிடித்துத் தூக்கி, டோரினின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.