பூ வெடிப்பதற்குள்

எங்கள் மலையில் வெயில் என்று ஒன்று இருப்பதை அப்பா ஒத்துக்கொண்டதே இல்லை. வெயில் சேலத்தில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவு ஏறி அது வராது. காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், பங்குனியிலும் ஸ்வெட்டர், மப்ளரோடுதான் நடக்கப் போவார்.

அப்படித்தான் ஒருநாள், வெயில் ஏறிய பிறகு, ஏரி ரோட்டில் தலை சுற்றிச் சரிந்தார். தெரிந்த ஜீப்காரர் நிழலுக்குத் தூக்கிப்போய், ஸ்வெட்டரைக் கழற்றி, ஈரத்துண்டு போட்டு விசிறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"குளிருல வெறைச்சுப்போயிட்டாருன்னு பயந்தனுங்க. தொட்டுப் பாத்தா அடுப்பாட்டச் சுடறாருங்க!"

காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் வெயில்தான் என்றார் டாக்டரம்மா. வயதானால் தாகம் தாமதமாகத்தான் தெரியும். அப்பா சாப்பிடும் பிரஷர் மாத்திரையும் உடம்பிலிருந்து நீரை இறக்கும். மாத்திரையைத் தானே பார்த்து மாற்றிக் கொடுத்தார். "இனிமே நடக்கவே வேண்டாமுங்களா?" என்றேன். "நடக்கட்டும், காலைல சீக்கிரமா. நிறுத்திட்டா காலு நடக்க மறந்துருமுங்க."

ஆனால் பயம் எனக்கு. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். சில நாட்களிலேயே எழுவதற்குக் கைப்பிடியை ஊன்ற வேண்டியதாயிற்று. ஒருமுறை முயன்று, மறுமுறை எழுந்தார். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத நான், அந்தக் கையைப் பார்த்து நின்றுவிட்டேன்.

அன்று மாலை மழை பெய்தது. காப்பி பூப்பதற்கான மழை. நனைந்த செடி மொட்டைப் பத்து நாள் போல அடக்கி வைத்திருந்து, பிறகு ஒரே விடியலில் வெடிக்கும். இரண்டு மூன்று நாளில் பூ கருகிவிடும்.

"மேல மேட்டுக்காட்டுக் காப்பிப் பூவ நான் பாக்கோணும் கண்ணு."

"ஜீப்புல போலாங்கப்பா."

"நான் என்ன டூரிஸ்ட்டா?"

மொட்டுகளுக்கும் அப்பாவின் கால்களுக்கும் போட்டி தொடங்கியது. முதல் விடியலில் கேட் வரை. பிறகு தண்ணீர்த் தொட்டி. பிறகு வளைவில் நிற்கும் சில்வர் ஓக் மரம் வரை. இருட்டுப் பிரியும்போது கிளம்பி, வெயில் சுடுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். குளிருக்கு ஸ்வெட்டர் உண்டு, வெயில் மேலே பட்டதும் கழற்றிவிட வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

"தண்ணி குடிங்கப்பா."

"தாகமில்ல."

"தாகம் எடுக்கறதுக்கு முன்னாலயே குடிக்கோணுமுங்க."

"நொம்பப் படுத்தறே சாமி," என்பார். குடிப்பார்.

பூ வெடித்த அன்று, சன்னலைத் திறக்கும் முன்பே மணம் உள்ளே வந்துவிட்டது. மேட்டுக்காட்டு ஏற்றத்தில் நான் முன்னே ஓடி ஓடித் திரும்பினேன். அவர் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது சரிவு முழுக்க வெள்ளை. பனி இறங்கிக் கிளையில் தங்கிவிட்டதைப் போல. தேனீக்களின் ரீங்காரத்தில் மலையே மூச்சு விடுவதாகத் தோன்றியது.

முகட்டைத் தாண்டி முதல் வெயில் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அப்பாவின் விரல்கள் பொத்தான்களுக்குப் போய்விட்டன. ஸ்வெட்டர் காப்பிக் கிளையில் தொங்கியது. வெளிச்சத்தில் வெறும் கைகள், நரம்பு புடைத்து, மிளகுக்கொடி சுற்றிய தண்டு போல. இந்தக் கைகளை வெயிலில் நான் பார்த்ததே இல்லை. பூவைப் பார்க்க வந்தவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிழலில் ஒரு பாறையில் உட்கார்ந்து, கேட்காமலே தண்ணீர் குடித்தார். சற்று நேரம் கழித்து, கையை எங்கும் ஊன்றாமல் எழுந்தார்.

"கெளம்பலாம் கண்ணு. வெயிலு ஏறுது."

வெயிலு. எங்கள் மலையில் நின்றுகொண்டு அப்பாதான் அதைச் சொன்னார். பூ ஒட்டியிருந்த ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு, நான் மெதுவாக அவர் பின்னால் இறங்கினேன்.